இரண்டே ஆண்டில் குளிர்ந்துபோன கடல்: 2006ஆம் ஆண்டுக் கணக்கு பற்றிய நிகழ்வு ஆய்வு

2006 செப்டம்பரில் புவி அறிவியல் ஆய்விதழ் ஒன்றில் சிறிய கட்டுரை வந்தது. உலகப் பெருங்கடல்களின் மேல் 750 மீட்டர் நீர், 2003க்கும் 2005க்கும் இடையில் கணிசமாகக் குளிர்ந்திருக்கிறது என்றது அது. ஓராண்டுக்குள் எழுதியவர்களே திருத்தம் வெளியிட்டார்கள்: கடல் குளிரவில்லை, அளந்த கருவிகளில்தான் கோளாறு. இந்த இடைவெளியில் யார் எதைச் சந்தேகித்தார்கள், ஏன், பழைய ஆராய்ச்சிக் கப்பல்களின் பதிவுகள் இதற்குள் எப்படி வந்தன என்பதே இங்கே பதிவாகிறது. இதில் சம்பந்தப்பட்ட ஆய்வாளர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி: கடலின் வெப்பத்தை அளந்த விதம்

ஆராய்ச்சிக் கப்பலை ஓரிடத்தில் நிறுத்தி ஆழ்கடலின் வெப்பநிலை எடுப்பது மெதுவான வேலை. 1870களில் வந்த கவிழும் வெப்பமானிதான் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு இந்த வேலைக்குக் கைகொடுத்தது. நீண்ட கம்பிவடத்தில் வரிசையாக, ஆழத்து நீரைப் பிடித்துவரும் நான்சென் குப்பிகளைப் பொருத்தி இறக்குவார்கள். ஒவ்வொரு குப்பியின் பக்கவாட்டிலும் வெப்பமானிகள் இருக்கும். அவை சுற்றியுள்ள நீரின் வெப்பநிலைக்கு வரும்வரை சில நிமிடங்கள் காத்திருந்துவிட்டு, மேலிருந்து ஓர் உலோக எடையை வடத்தின் வழியே நழுவ விடுவார்கள். அது போய் முதல் குப்பியைத் தட்டும். குப்பி தலைகீழாகக் கவிழும். கவிழும்போது வெப்பமானியின் பாதரச இழை அறுபட்டு, அந்த ஆழத்து வெப்பநிலை அப்படியே பதிவாகி நின்றுவிடும். கவிழ்ந்த குப்பி தன் கீழே தொங்கும் இன்னோர் எடையை விடுவிக்கும். அது அடுத்த குப்பியைப் போய்த் தட்டும். எல்லாம் மேலே வந்ததும் உருப்பெருக்கி வைத்து வாசிப்பார்கள். இருவர் தனித்தனியே வாசித்து ஒப்பிடுவதும் உண்டு.

இதில் முக்கியமான நுட்பம் ஒன்று இருக்கிறது. இரண்டு வெப்பமானிகளைச் சோடியாகப் போடுவார்கள். ஒன்று தடித்த கண்ணாடிக் குழாய்க்குள் அழுத்தம் படாமல் இருக்கும். மற்றது அழுத்தத்துக்குத் திறந்திருக்கும். ஒரே நீரில் இரண்டும் வேறு வேறு எண்ணைக் காட்டும். அந்த வித்தியாசம்தான் நீரின் அழுத்தம், அதாவது ஆழம். நீரோட்டத்தில் வடம் சாய்ந்து போனாலும், குப்பி உண்மையில் எந்த ஆழத்தில் இருந்தது என்பது கருவியிலிருந்தே தெரிந்துவிடும். வெப்பநிலையைப் பாகையின் நூறில் சில பங்கு துல்லியத்துக்குச் சொல்லிவிடலாம். பிற்பாடு வந்த சிடிடி என்கிற மின்னணுக் கருவி இதே வேலையை இன்னும் துல்லியமாக, ஆயிரத்தில் சில பாகை அளவுக்குச் செய்கிறது. அதிலும் அழுத்த உணரி தனியாக உண்டு.

ஆனால் ஆராய்ச்சிக் கப்பல்கள் சிலவே. செலவோ அதிகம். தென்கடலின் குளிர்காலத்தில் போய் நின்று குப்பி இறக்க ஆளில்லை. உலகக் கடல் முழுவதற்கும் வெப்பக் கணக்குப் போட அந்தப் பதிவுகள் மட்டும் போதாது.

அந்த இடைவெளியை 1960களின் பிற்பகுதியிலிருந்து அடைத்தது எக்ஸ்பிடி. கையடக்கமான, ஒருமுறை போட்டால் திரும்ப எடுக்காத கருவி அது. ஓடிக்கொண்டிருக்கும் கப்பலிலிருந்தே கடலில் போடலாம். அதன் மூக்கில் ஒரு வெப்ப உணரி. வாலில் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். அதே கம்பியின் மறுமுனைச் சுருள் கப்பலில் இருக்கும். கருவி கீழே போகப் போக ஒரு சுருளும், கப்பல் முன்னே போகப் போக மறு சுருளும் பிரியும். அதனால் கம்பி இழுபடாது. இரண்டு நிமிடத்துக்குள் 760 மீட்டர் வரை வெப்பநிலை வந்துவிடும், அப்புறம் கம்பி அறுந்துபோகும். கடற்படைகள், சரக்குக் கப்பல்கள், பயணிகள் கப்பல்கள் எல்லாம் இதைப் போட்டன. நம் பக்கத்தில் சென்னை – போர்ட் பிளேர் – கொல்கத்தா கப்பல் தடத்திலும் பல ஆண்டுகள் எக்ஸ்பிடி போட்டு அளந்திருக்கிறார்கள்.

இவ்வளவு மலிவாக வந்ததற்குக் காரணம், அதில் அழுத்த உணரி கிடையாது. கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வரும்வரை எண்ணி ஆழம் சொல்வதைப் போலத்தான். கடல்நீர் பட்டதும் மின்சுற்று முழுமையாகி நேரம் ஓடத் தொடங்கும். நேரத்தை ஒரு சமன்பாட்டில் போட்டால் ஆழம் கிடைக்கும். தயாரித்த நிறுவனம் கொடுத்த சமன்பாடு இது: ஆழம் = 6.472 × நேரம் − 0.00216 × நேரத்தின் இருபடி. நேரம் நொடியில், ஆழம் மீட்டரில்.

மூன்றாவது கருவி ஆர்கோ மிதவை. 2000ஆம் ஆண்டையொட்டிக் கடலில் விடத் தொடங்கினார்கள். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மேலே வரும் வழியெல்லாம் வெப்பநிலையும் உப்புத்தன்மையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். இதில் அழுத்த உணரி உண்டு. 2007 நவம்பரில் மிதவைகளின் எண்ணிக்கை 3,000ஐத் தொட்டது.

ஆக 2003–2005 காலகட்டம் ஒரு மாற்றம் நடந்த காலம். எக்ஸ்பிடியின் பங்கு குறைந்து ஆர்கோவின் பங்கு மளமளவென்று கூடிக்கொண்டிருந்தது. நடந்த குழப்பத்தின் வேர் இந்த மாற்றத்தில் இருக்கிறது.

1995: முதல் எச்சரிக்கை

எக்ஸ்பிடியின் சமன்பாடு சரியில்லை என்பது 2006க்கு வெகு முன்பே தெரியும். ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் தலைமையிலான பன்னாட்டுக் குழு, ஆராய்ச்சிக் கப்பல்களிலிருந்து ஒரே இடத்தில் சிடிடியையும் எக்ஸ்பிடியையும் இறக்கி ஒப்பிட்ட பதிவுகளைத் திரட்டி 1995இல் வெளியிட்டது. கருவி, சமன்பாடு சொல்வதைவிட வேகமாக விழுகிறது என்று தெரிந்தது. அவர்கள் கொடுத்த புதிய எண்கள் 6.691, 0.00225.

வித்தியாசம் சின்னதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கருவி விழுந்து 60 நொடியில் பழைய சமன்பாடு 380.5 மீட்டர் என்கிறது, புதியது 393.4 மீட்டர். 120 நொடியில் 745.5க்கும் 770.5க்கும் இடையில் 25 மீட்டர் வித்தியாசம். மேல்கடலில் வெப்பநிலை வேகமாகக் குறையும் அடுக்கு ஒன்று உண்டு. அங்கே 25 மீட்டருக்கு ஒரு பாகை குறைவதாக வைத்துக்கொண்டால், 12 மீட்டர் ஆழப் பிழை அரைப் பாகை வெப்பப் பிழையாகிவிடும். கடலின் நீண்டகால வெப்பமாற்றமோ, மேல் சில நூறு மீட்டர்களுக்குச் சராசரியாகப் பாகையின் பத்தில் சில பங்கு மட்டுமே.

புதிய எண்கள் வந்ததும் பிரச்சினை தீர்ந்ததாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். என் பார்வையில் முதல் சறுக்கல் இதுதான். ஒரு கருவிக்கு ஒரே சமன்பாடு என்பது அந்தக் கருவி மாறாமல் இருந்தால்தான் செல்லும். எக்ஸ்பிடி பல வகைகளில், பல பத்தாண்டுகளாகத் தயாரானது. எடையில் சிறு மாற்றம் வந்தாலும் விழும் வேகம் மாறும். குளிர்ந்த நீரின் பிசுப்பு அதிகம், அங்கே மெதுவாக விழும். தாளில் கோடு கிழித்த பதிவுக் கருவிகள் போய் எண்முறைக் கருவிகள் வந்தன. போதாக்குறைக்கு, சில கப்பல்களில் மென்பொருள் புதிய சமன்பாட்டுக்கு மாறியது, சிலவற்றில் பழையதே தொடர்ந்தது. காப்பகத்துக்கு வந்து சேர்ந்த பதிவில் எது எது என்ற குறிப்பில்லாதவை ஏராளம்.

2006: கவனித்ததும் வெளியிட்டதும்

அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்த மூவர், கிடைத்த எல்லாப் பதிவுகளையும் சேர்த்து மேல்கடலின் வெப்பக் கணக்கைப் புதுப்பித்தார்கள். 2003 வரை ஏறிவந்த கோடு திடீரென்று இறங்கியது. இழப்பு 3.2 × 10²² ஜூல். 1955 முதல் 2003 வரை கடல் சேர்த்துக்கொண்ட வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, இரண்டே ஆண்டில் காணோம்.

வெளியிடலாமா, காத்திருக்கலாமா என்ற இடத்தில் அவர்கள் வெளியிடும் முடிவை எடுத்தார்கள். அதற்கு நியாயம் இருந்தது. பழைய வரைபடத்தில் 1980களின் தொடக்கத்திலும் இப்படியொரு சரிவு இருந்தது. கடல் எப்போதாவது இப்படிச் செய்யும் என்பதற்கு அதுவே முன்னுதாரணம். அந்த முன்னுதாரணமும் எந்தக் கருவியால் வந்தது என்று அப்போது யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

கட்டுரைக்கு வெளியே ஒரு முரண் நின்றது. கடல் குளிர்ந்தால் நீர் சுருங்கும், கடல்மட்டம் ஏறுவது தடைபட வேண்டும். ஜேசன் செயற்கைக்கோளின் அளவீட்டில் மட்டம் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டரையொட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. அப்படியானால் சுருங்கியதை ஈடுகட்டிவிட்டு அதற்கு மேலும் ஏற்றும் அளவுக்கு நிலத்துப் பனி உருகிக் கடலில் சேர்ந்திருக்க வேண்டும். 2002இல் ஏவப்பட்ட க்ரேஸ் இணைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பு விசையைக் கொண்டு கடலில் எவ்வளவு நீர் சேர்ந்தது என்று அளந்துகொண்டிருந்தன. அவ்வளவு பனி உருகியதாக அவை காட்டவில்லை. பூமிக்கு வரும் கதிர்வீச்சையும் திரும்பிப் போகும் கதிர்வீச்சையும் அளக்கும் சீரஸ் கருவியின் தரவும் இவ்வளவு வெப்பம் வெளியேறியதாகச் சொல்லவில்லை. சீரஸ் தரவைக் கையாண்ட ஆய்வாளர் ஒருவர் கட்டுரையாளர்களில் ஒருவரைத் தொடர்புகொண்டு, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று காட்டினார்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று முறைகள் ஒரே பக்கம் நின்றன. கப்பல், மிதவைக் கணக்கு மட்டும் தனியாக எதிர்ப்பக்கம். காலநிலை மாற்றம் என்பதே கட்டுக்கதை என்று வாதிட்டவர்களுக்கு இதற்குள் கட்டுரை நல்ல ஆயுதமாகக் கிடைத்திருந்தது.

2007: எதைச் சந்தேகிப்பது

எழுதியவர்களில் ஒருவர் தன் கணக்கைத் தானே பிரித்துப் பார்க்க முடிவெடுத்தார். உலகச் சராசரியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் பிழை எங்கே என்று தெரியாது. கடல்மட்டச் செயற்கைக்கோளின் தரவு உலகின் எல்லா மூலைக்கும் இருக்கிறது. நீர் சூடானால் விரியும், மட்டம் உயரும் என்ற உறவை வைத்து, கடலில் எடுத்த ஒவ்வொரு பதிவும் அதே இடத்து, அதே நேரத்து மட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். இந்த முறையைத் தேர்ந்ததுதான் இந்த நிகழ்வில் மிகச் சரியான முடிவு என்று நினைக்கிறேன். பிழை எந்தக் கருவியில் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டிய அவசியமே இதில் இல்லை.

முதலில் சிக்கியவை மிதவைகள். மொத்தத்தில் சிறு பகுதிதான், ஒரே நிறுவனம் விட்டவை, பெரும்பாலும் அட்லாண்டிக்கில் இருந்தவை. ஒரு மென்பொருள் பிழையால், அளந்த வெப்பநிலைக்குப் பக்கத்தில் தவறான அழுத்தம் பதிவாகியிருந்தது. உணரி சரி, எண்ணும் சரி, அது உட்கார்ந்த வரிசை தப்பு. விளைவு, அந்த மிதவைகள் கடலை உள்ளதைவிடக் குளிராகக் காட்டின. அவற்றை நீக்கியதும் பெரும்பகுதிச் சரிவு மறைந்தது.

கொஞ்சம் மிச்சம் இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம், மீதியை இயற்கையான ஏற்றத்தாழ்வு என்று சொல்லிக் கடந்துபோக வழியிருந்தது. அவர் நிறுத்தாமல் தேடியதில் எக்ஸ்பிடி வந்தது. மிதவைகளின் குளிர்ப் பிழைக்கு நேரெதிராக, எக்ஸ்பிடி பதிவுகள் சற்றுச் சூடாகச் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் பிழை சிறியது, ஆனால் ஏராளமான பதிவுகளில் பரவியிருந்தது. சூடாகக் காட்டும் கருவியின் பங்கு குறைந்து, சரியாகக் காட்டும் கருவியின் பங்கு கூடினால், கடல் ஒன்றும் செய்யாமலேயே கோடு கீழே இறங்கும். கோளாறான அந்த மிதவைகள் இல்லாவிட்டாலும் இது நடந்திருக்கும்.

இதே நேரத்தில், 2007 ஜனவரியில், ஜெர்மனியில் இருவர் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்குச் செயற்கைக்கோள் தேவைப்படவில்லை. ஆராய்ச்சிக் கப்பல்கள் குப்பி கட்டி எடுத்த பதிவுகளையும் சிடிடி பதிவுகளையும் ஒரு பக்கம் வைத்து, அதே வட்டாரத்து எக்ஸ்பிடி பதிவுகளை மறுபக்கம் வைத்து, ஆண்டு வாரியாக ஒப்பிட்டார்கள். எக்ஸ்பிடி, சராசரியாக 0.2 முதல் 0.4 பாகை வரை சூடாகக் காட்டியது. அந்தச் சாய்வும் எல்லா ஆண்டுகளிலும் ஒரே அளவில் இல்லை. 1995இன் புதிய எண்களைப் போட்டாலும் தீரவில்லை. எண்ணிக்கையில் எக்ஸ்பிடியோடு ஒப்பிட முடியாத, விலை கூடிய, மெதுவான கப்பல் பதிவுகள்தான் இங்கே தராசாக நின்றன. எக்ஸ்பிடியை இன்னும் பத்து மடங்கு அதிகமாகப் போட்டிருந்தாலும் இந்தப் பிழை தெரிந்திருக்காது. எல்லாப் பதிவும் ஒரே பக்கம் சாய்ந்தால் சராசரி எடுப்பதில் பயனில்லை. தப்பான விடை கூடுதல் உறுதியோடு கிடைக்கும், அவ்வளவுதான்.

திருத்தம் வெளியிட்ட விதம்

காரணத்தை முழுமையாக நிறுவும்வரை காத்திருக்காமல், 2007லேயே அதே இதழில் திருத்தக் குறிப்பு வந்தது. இரண்டு பிழைகளையும் சொல்லி, சரிவின் பெரும்பகுதி கருவிகளால் வந்தது என்று ஒப்புக்கொண்டது அது. விரிவான ஆய்வு 2009இல்தான் வெளியானது. பிழையான பதிவுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் 2003 முதல் 2006 வரை குறிப்பிடத்தக்க வெப்பமேற்றமும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை என்றது. குளிரவில்லை என்றதும் சூடானதாகச் சொல்லிவிடும் சபலம் இருந்திருக்கும். தரவு அனுமதித்த இடத்தோடு நின்றார்கள்.

அடுத்து நடந்தவை

விஷயம் அந்த இரண்டு ஆண்டுகளோடு நிற்கவில்லை. எக்ஸ்பிடி அரை நூற்றாண்டுக் கணக்கின் பெரும்பகுதியைத் தாங்கியிருந்ததால், பழைய வரைபடம் முழுவதையும் திறக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்திரேலியாவில் ஒரு குழு, ஆராய்ச்சிக் கப்பல் பதிவுகளுக்கு அருகில் விழுந்த எக்ஸ்பிடிகளைத் தேடி, ஆண்டுதோறும் விழும் வேகம் எப்படி மாறியது என்று 2008இல் வகுத்துக் கொடுத்தது. அந்தத் திருத்தத்தோடு அதே ஆண்டு இன்னொரு கணக்கு வந்தது. 1961–2003 காலகட்டத்தில் மேல்கடல் வெப்பமான வேகம் முன்பு சொன்னதைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகம். 1993–2003க்கு மட்டும் எடுத்தால் 40 சதவீதம் குறைவு. நீண்டகாலப் போக்கு வலுத்தது, அண்மைக்கால வேகம் தணிந்தது. இரண்டும் ஒரே திருத்தத்தின் விளைவு.

இன்னொன்று. பழைய வரைபடத்தில் 1970களில் கடல் வெப்பம் மேடாக எழும்பி, 1980களின் தொடக்கத்தில் சரியும். கணினியில் ஓட்டும் காலநிலை மாதிரிகள் எவ்வளவு முயன்றும் அந்த மேட்டைக் காட்டவில்லை. மாதிரிகளிடம்தான் குறை, கடலின் இயல்பான ஆட்டம் அவற்றுக்குப் பிடிபடவில்லை என்ற விமர்சனம் இருந்தது. எக்ஸ்பிடியைத் திருத்தியதும் மேட்டின் பெரும்பகுதி கரைந்துபோனது. 2006 கட்டுரைக்கு முன்னுதாரணமாக நின்ற அந்த 1980களின் சரிவும் கணிசமான அளவுக்கு அதே கருவியின் வேலைதான்.

ஆர்கோவும் தப்பவில்லை. 2009 ஜனவரியில், ஒரு வகை அழுத்த உணரியில் நுண்ணிய எண்ணெய்க் கசிவு இருப்பது தெரிந்து, அந்த உணரி பொருத்திய மிதவைகளைக் கடலில் விடுவதைச் சிறிது காலம் நிறுத்தினார்கள். 

பிற்பாடு ஆர்கோவின் பதிவு நீள நீள, கடல் வெப்பமாவது சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்தது. பூமியில் கூடுதலாகத் தங்கும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது.

மறுபடி நேர்ந்தால் மாற்ற வேண்டியவை

கருவி மாறும்போது பழையதும் புதியதும் சில ஆண்டுகள் ஒரே இடத்தில் ஒன்றாக அளக்க வேண்டும். 2003–2005இல் மாற்றம் நடந்தது. ஆனால் அதற்கென்று திட்டமிட்ட ஒப்பீடு உலகளவில் இல்லை. கப்பல்கள் குறிப்பிட்ட சில தடங்களில் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை திரும்பப் போய் மேலிருந்து கடல்தரைவரை சிடிடி இறக்கும் வழக்கம் இப்போது இருக்கிறது. மிதவைகளைச் சரிபார்ப்பதற்கும் அதுதான் அடிப்படை. நிதி நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் வெட்டு விழுவது ஆராய்ச்சிக் கப்பல் கடலில் இருக்கும் நாட்களில்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மிதவை அனுப்பும் உடனடித் தரவு வானிலைக் கணிப்புக்குப் போதும். பத்தாண்டுப் போக்கைச் சொல்ல, நிபுணர் கண்பட்டுத் திருத்தி வரும் தாமதத் தரவைத்தான் எடுக்க வேண்டும். கணக்கையும் கருவி வாரியாகப் பிரித்துப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியிடுவது இன்று வழக்கமாகிவிட்டது.

பதிவோடு சேர்த்துக் கருவியின் வகை, தயாரித்த ஆண்டு, எந்தச் சமன்பாடு, எந்தப் பதிவுப்பொறி என்பதையும் எழுதி வைப்பது எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் கருத்து. முடிந்தால் ஆழத்தை மட்டும் வைக்காமல் நேரத்தையும் அப்படியே வைக்க வேண்டும். நேரம் இருந்தால் சமன்பாடு எத்தனை தடவை மாறினாலும் ஆழத்தை மறுபடி கணக்கிட்டுக்கொள்ளலாம்.

1993இல் தொடங்கிய பன்னாட்டுத் திட்டம் ஒன்று, உலகெங்கும் அலமாரிகளில் கிடந்த கடல் பதிவேடுகளைத் தேடி எடுத்து எண்ணாக்கம் செய்தது. குப்பி கட்டி அளந்த காலத்துப் பதிவேடுகளில், இன்றைக்குத் திருத்தம் செய்யத் தேவையான விவரம் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது: கப்பல் நின்ற இடம், நேரம், சோடி வெப்பமானிகளின் வாசிப்பு. 1970களின் எக்ஸ்பிடிப் பதிவுகளில் பல வெறும் ஆழமும் வெப்பநிலையுமாக மட்டுமே வந்து சேர்ந்திருக்கின்றன. 460 மீட்டரையொட்டி முடிந்தால் ஒரு வகை, 760 என்றால் இன்னொரு வகை என்று பிரிக்கிறார்கள். பாதியில் கம்பி அறுந்து நின்றுபோன பதிவு என்றால், போட்ட நாட்டையும் ஆண்டையும் பார்த்து எந்த வகை என்று ஊகித்துத் திருத்துவதே இன்றைய நடைமுறை.